மன அழுத்தமும் உழைப்பு நேரமும்

(சித்தூர், திருப்பதி மாவட்டங்களைச் சேர்ந்த தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்கான கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



திருப்பதிக்கும் திருமலைக்கும் இடையே இரண்டு மலைப்பாதைகள் உள்ளன. 1944ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய பாதை இறங்குவதற்கும், 1974இல் அமைக்கப்பட்ட புதிய பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. பேருந்தில் அமர்ந்திருக்கும் பக்தர், மனக்கவலையை மலையில் இறக்கி வைத்துவிட்டு வரலாம் என்ற நம்பிக்கையோடு பயணம் செய்கிறார். அவரைக் கொண்டு சேர்க்கும் ஓட்டுநரோ ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஐம்பது உயிர்களைத் தம் கைகளில் ஏந்தித் திருப்புகிறார். நடை முடிந்ததும் அடுத்த நடை காத்திருக்கிறது. வீடு திரும்பிப் படுத்தாலும் உறக்கம் பிடிப்பதில்லை. கழுத்து இறுகிக் கிடக்கிறது, வயிறு எரிகிறது. சில ஆண்டுகள் கழிந்து மருத்துவர் அவரைப் பரிசோதித்துவிட்டு, "இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, டென்ஷனைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். எப்படிக் குறைப்பது என்பதை மட்டும் எவரும் அவருக்குச் சொல்வதில்லை.

சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் விரிந்து கிடக்கும் ஸ்ரீசிட்டித் தொழிற்பூங்காவில் நாள் முழுவதும் நின்றுகொண்டே மின்னணுப் பாகங்களைப் பொருத்தும் இளம் பெண்ணுக்கும் இதே அறிவுரைதான் கிடைக்கிறது. பங்காருபாளையத்தில் மாம்பழ வண்டியோடு விலைக்காகக் காத்திருக்கும் விவசாயிக்கும் இதுவே சொல்லப்படுகிறது. மன அழுத்தம் என்பது அவரவர் மனத்தின் பலவீனம், அதை அவரவரே சரிசெய்துகொள்ள வேண்டும் என்ற கருத்து சமுதாயத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இக்கருத்தை அறிவியலின் துணையோடு பரிசீலிப்பதே இவ்வுரையின் நோக்கம். மன அழுத்தம் உடலை என்ன செய்கிறது? தனி மனிதர் அதைச் சமாளிக்க எவற்றைச் செய்ய முடியும்? தனியாக எவற்றைச் செய்ய முடியாது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை காண வேண்டியிருக்கிறது.

உடலுக்குள் நிகழ்வது என்ன?

ஆபத்து நேரும்போது உயிரினத்தின் உடல் போரிடவோ தப்பி ஓடவோ தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்கிறது என்பதை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்கினார். 1936ஆம் ஆண்டு மான்ட்ரியலில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே, துன்பத்தின் வகை எதுவாயினும் அது நீடித்தால் உடல் ஒரே விதமாகப் பாதிக்கப்படுகிறது என்பதை எலிகளைக் கொண்டு நடத்திய சோதனைகளின் வழியே எடுத்துக்காட்டினார். அட்ரினல் சுரப்பிகள் வீங்கின. நோய் எதிர்ப்புக்குரிய திசுக்கள் சுருங்கின. இரைப்பையில் புண்கள் தோன்றின.

இது நிகழும் முறை எளிதில் விளங்கக்கூடியது. மூளை ஆபத்தை உணர்ந்தவுடன் நரம்புகளின் வழியாகச் சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகளுக்குச் செய்தி செல்கிறது. முதலில் அட்ரினலின் சுரக்கிறது. இதயத் துடிப்பு விரைவடைகிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது, தசைகள் இறுகுகின்றன, காயம் பட்டால் இரத்தப்போக்கு நிற்பதற்காக இரத்தத்தின் உறையும் தன்மை கூடுகிறது. அடுத்து, மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் தூண்டுதலால் கார்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது இரத்தத்தில் சர்க்கரையின் அளவை உயர்த்தி உடனடி ஆற்றலைத் தருகிறது. அந்த நேரத்தில் அவசரமில்லாத செரிமானம், இனப்பெருக்கம் போன்ற பணிகளை உடல் தள்ளிவைக்கிறது.

பாம்பைக் கண்டு துள்ளி விலகும் உழவருக்கு இந்த ஏற்பாடு உயிர் காக்கும் துணை. சில நிமிடங்களில் ஆபத்து நீங்கிவிடும்; உடலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் மேற்பார்வையாளரின் இலக்கு, கடன் தவணை, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற அச்சம் ஆகியவை சில நிமிடங்களில் நீங்குவதில்லை. அவற்றிடமிருந்து ஓடவும் முடியாது. அடித்து விரட்டவும் முடியாது. எனவே அவசர காலத்துக்கென அமைந்த ஏற்பாடு நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் இயங்குகிறது. இவ்வாறு சேரும் தேய்மானத்தை புரூஸ் மெக்யூவன் என்ற நரம்பியல் அறிஞர் 1990களில் ஒரு சுமையாக உருவகித்தார். இயந்திரத்தை நிறுத்தாமல் ஓட்டினால் பாகங்கள் தேய்வதைப் போல, ஓயாமல் எச்சரிக்கை நிலையில் வைக்கப்படும் உடலும் தேய்கிறது.

அத்தேய்மானம் பல உறுப்புகளில் வெளிப்படுகிறது. உயர் இரத்த அழுத்தம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் வாய்ப்பு கூடுகிறது. இரத்தச் சர்க்கரை கட்டுப்பாட்டை இழக்கிறது; வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்கிறது. தலைவலி, முதுகுவலி, செரிமானக் கோளாறு, மாதவிடாய்க் கோளாறு, நினைவுத் தடுமாற்றம், எரிச்சல், உறக்கமின்மை ஆகியவை தொடர்கின்றன. உறக்கம் கெட்டால் மறுநாள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் உறக்கம் மேலும் கெடுகிறது. 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004ஆம் ஆண்டு வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்புக்கான ஒன்பது முக்கியக் காரணிகளுள் மன, சமூக அழுத்தத்தையும் ஒன்றாக வரிசைப்படுத்தியது.

நோய் எதிர்ப்பாற்றலும் தளர்கிறது. 1995இல் வெளியிடப்பட்ட ஓர் அமெரிக்க ஆய்வு கவனத்துக்குரியது. நினைவிழப்பு நோயால் பாதிக்கப்பட்ட உறவினரை இரவும் பகலும் பராமரித்துவந்த பெண்களுக்கும், அத்தகைய பொறுப்பு இல்லாத பெண்களுக்கும் கையில் ஒரே அளவிலான சிறு காயம் ஏற்படுத்தி, ஆறும் காலம் கணக்கிடப்பட்டது. பராமரிப்புச் சுமையைத் தாங்கிய பெண்களுக்குக் காயம் ஆற ஏறத்தாழ ஒன்பது நாட்கள் கூடுதலாகத் தேவைப்பட்டன. மனம் சுமப்பதைத் தோலும் சுமக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அழுத்தத்திலும் வர்க்கம் உண்டு

நிர்வாகிகளுக்கும் அதிகாரிகளுக்கும்தான் மன அழுத்தம் அதிகம் என்று ஒரு காலத்தில் நம்பப்பட்டது. லண்டனில் 1967ஆம் ஆண்டு தொடங்கிய வைட்ஹால் ஆய்வு இந்நம்பிக்கையைத் தகர்த்தது. சுமார் 18,000 அரசு ஊழியர்களை மைக்கேல் மார்மட் உள்ளிட்ட அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தனர். அனைவரும் ஒரே நகரத்தில் பணிபுரிந்தவர்கள். எவரும் வறுமையில் வாடியவர் அல்லர். ஆயினும் மிகக் கீழ்நிலைப் பணியிலிருந்தவர்கள், உயர்நிலை அதிகாரிகளைக் காட்டிலும் சுமார் மூன்று மடங்கு அதிகமாக இதய நோயால் மாண்டனர். புகைப்பழக்கம், கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்பும் இந்த இடைவெளியின் பெரும்பகுதி விளக்கப்படாமலேயே எஞ்சியது. 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு அதற்கான விடையின் ஒரு பகுதியை அளித்தது. தம் வேலையின் வேகத்தையும் முறையையும் தீர்மானிக்கும் உரிமை குறைந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்தது.

இதே உண்மையை ராபர்ட் கராசெக் 1979இல் ஒரு கோட்பாடாக முன்வைத்திருந்தார். வேலையின் கடுமை மட்டும் மனிதரை நோயாளியாக்குவதில்லை. கடுமையும் அதிகம், அதன் மீதான கட்டுப்பாடும் இல்லை என்ற நிலைதான் மிகவும் தீங்கானது என்றார் அவர். உழைப்பாளி தன் உழைப்பின் மீதான ஆளுமையை இழந்து, தன் செயலிலிருந்தே அந்நியமாகிறார் என்று மார்க்ஸ் இளமையிலேயே எழுதியதை மருத்துவப் புள்ளிவிவரங்கள் வேறு மொழியில் உறுதிசெய்கின்றன.

'மூலதனம்' நூலில் வேலை நாள் பற்றிய இயலில் மார்க்ஸ் ஒரு மரணத்தைப் பதிவுசெய்திருக்கிறார். 1863ஆம் ஆண்டு லண்டனில், அரச குடும்ப விருந்துக்கான உடைகளைத் தைப்பதற்காக இருபத்தாறரை மணி நேரம் இடைவிடாமல் வேலை வாங்கப்பட்ட மேரி ஆன் வாக்லி என்ற இருபது வயதுப் பெண் இறந்துபோனார். நெரிசலான அறை, மிதமிஞ்சிய உழைப்பு ஆகியவையே காரணம் என்று மருத்துவர் சாட்சியம் அளித்தார். அதே வகை மரணத்துக்கு நூறாண்டுகள் கழித்து ஜப்பானில் 'கரோஷி' என்ற தனிப்பெயரே உருவாயிற்று. மிகை உழைப்பால் நேரும் சாவு என்பது அதன் பொருள்.

மாந்தோப்பின் அழுத்தம்

கட்டுப்பாடு கைவிட்டுப் போகும்போது ஏற்படும் இந்தத் துன்பம் தொழிற்சாலைக்கு மட்டும் உரியதன்று. சித்தூர் மாவட்டத்தின் தோத்தாபுரி மா, தமிழில் கிளிமூக்கு மாம்பழம், கூழ் ஆலைகளையே பெரிதும் நம்பியிருக்கிறது. 2025ஆம் ஆண்டு பருவத்தில் விலை சரிந்தது. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய், மாநில அரசு 4 ரூபாய் என மொத்தம் 12 ரூபாய் விவசாயிக்குக் கிடைக்க வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. ஆலைகள் அறிவித்த விலையைத் தரவில்லை என்ற குமுறல் மாவட்டம் முழுவதும் எழுந்தது. ஆலை வாயில்களில் பழ வண்டிகள் வரிசைகட்டி நின்றன. பழங்கள் சாலையில் கொட்டப்பட்டன.

விவசாயி நிற்கும் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். பழம் காத்திருக்காது, மணிக்கு மணி கனிந்து அழுகிக்கொண்டிருக்கும். விலையை நிர்ணயிப்பவர் ஆலை முதலாளி. வரிசையை நகர்த்துபவரும் அவரே. வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் தவறாமல் ஏறுகிறது. உழைப்பு முழுவதும் தன்னுடையது, முடிவு எதுவும் தன்னுடையதன்று. கராசெக் வகுத்த மிகத் தீங்கான நிலை இதுவே.

கடனும் உடலில்தான் வசூலிக்கப்படுகிறது. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் நுண்கடன் நிறுவனங்களின் வசூல் கெடுபிடி பலரைத் தற்கொலைக்குத் தள்ளியதைத் தொடர்ந்து, 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து அவற்றைக் கட்டுப்படுத்த நேர்ந்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டு இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டனர். அவர்களுள் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் தினக்கூலித் தொழிலாளர்கள். ஒவ்வொரு மரணத்துக்கும் பல காரணங்கள் பின்னியிருக்கலாம். ஆனால் தினக்கூலிகள் இத்தனை பெரிய பங்காக இருப்பதைத் தனித்தனி மனங்களின் பலவீனம் என்று விளக்கிவிட முடியாது.

ஐம்பத்தைந்து மணி நேரம் என்ற எல்லை

உழைப்பு நேரத்துக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் இணைந்து 2021 மே மாதத்தில் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்வோருடன் ஒப்பிடும்போது, 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்வோருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 17 சதவீதமும் அதிகம் என்று அது கண்டறிந்தது. 2016ஆம் ஆண்டில் மட்டும் நீண்ட வேலை நேரத்தால் 7,45,000 பேர் உலகெங்கும் மாண்டனர் என்பது அதன் மதிப்பீடு.

இந்த 55 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, 2025 ஜூன் மாதம் ஆந்திர மாநில அமைச்சரவை தொழிற்சாலைச் சட்டத்தில் செய்ய முடிவெடுத்த திருத்தங்களைப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு 9 மணி என்றிருந்த உச்ச வரம்பு 10 மணியாகிறது. ஐந்து மணி நேர வேலைக்குப் பின் கட்டாயமாக இருந்த ஓய்வு இடைவேளை ஆறு மணி நேரத்துக்குப் பின் என்று தள்ளிப்போகிறது. ஓவர்டைம் எனப்படும் மிகைநேரப் பணி, காலாண்டுக்கு 75 மணி என்பதிலிருந்து 144 மணியாக உயர்கிறது.

வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறவில்லையே, இதில் என்ன தீங்கு என்று ஆதரிப்போர் வினவுகின்றனர். கணக்குப் போட்டால் தீங்கு தெரியும். காலாண்டுக்குப் பதின்மூன்று வாரங்கள். பழைய முறைப்படி 75 மணி மிகைநேரத்தைப் பகிர்ந்தால் வாரத்துக்கு ஆறு மணிக்கும் குறைவு. 48உடன் சேர்த்தால் 54ஐத் தொடாது. புதிய முறைப்படி 144 மணியைப் பகிர்ந்தால் வாரத்துக்கு 11 மணி. 48உடன் சேர்த்தால் 59. மருத்துவ அறிவியல் ஆபத்து என்று கோடு கிழித்த 55ஐச் சட்டமே கடக்க அனுமதிக்கிறது. பழைய வரம்பு அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். புதிய வரம்பு அந்தப் பக்கம்.

மிகைநேர வேலை வேண்டும் என்று தொழிலாளர்களே கேட்கிறார்களே என்ற வாதமும் எழுகிறது. உண்மைதான், கேட்கிறார்கள். எட்டு மணி நேர ஊதியத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் மருந்துச் செலவும் அடங்குவதில்லை என்பதால் கேட்கிறார்கள். ஆகவே வேலை நேரத்துக்கான போராட்டத்தைக் குறைந்தபட்ச ஊதியத்துக்கான போராட்டத்திலிருந்து பிரித்து நடத்த முடியாது. அப்படிப் பிரித்து நடத்தினால் தொழிலாளியே தம் நலனுக்கு எதிராக நிற்பது போன்ற தோற்றம் உண்டாகும்.

பெண் தொழிலாளரின் நாள் இன்னும் நீளமானது. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அதற்குச் செலவிடுகின்றனர். ஆண்கள் 88 நிமிடங்கள். ஆலையில் பத்து மணி வேலை, அரை மணி இடைவேளை, போக வர இரண்டு மணிப் பயணம், வீட்டு வேலை ஏறக்குறைய ஐந்து மணி என்று கூட்டினால், நாளில் எஞ்சுவது ஏழு மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குள் உண்ண வேண்டும், குளிக்க வேண்டும், குழந்தையோடு பேச வேண்டும், உறங்கவும் வேண்டும். இத்தகைய பெண்ணிடம் "போதுமான அளவு உறங்குங்கள்" என்று அறிவுரை கூறுவது கேலி செய்வதற்கு ஒப்பாகும்.

பெண்கள் இரவுப் பணியில் ஈடுபடுவதற்கும் அதே முடிவு வழிதிறக்கிறது. ஒப்புதல், பாதுகாப்பு, போக்குவரத்து ஆகிய நிபந்தனைகள் கூறப்பட்டுள்ளன. பெண்களின் வேலை உரிமையை எவரும் மறுக்கவில்லை. ஆனால் உடலின் உள் கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப் பணியை, அது ஆணுக்காயினும் பெண்ணுக்காயினும், புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வகைப்படுத்தியது. 2019இல் அதை மீண்டும் உறுதிசெய்தது. வேலை போய்விடும் என்ற அச்சத்தில் இடப்படும் கையெழுத்தை ஒப்புதல் என்று ஏற்க முடியாது.

தனி மனிதர் செய்யக்கூடியவை

சமுதாயம் மாறும் வரை உடல் காத்திருக்காது. ஆகவே ஒவ்வொருவரும் இன்றே கைக்கொள்ளத்தக்க சில வழிகளை அலட்சியம் செய்துவிடக் கூடாது.

முதலாவது, மூச்சு. எச்சரிக்கை நிலையிலுள்ள உடலை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பை நிதானமான மூச்சு தூண்டுகிறது. நிமிடத்துக்கு ஆறு முறை என்ற அளவில், உள்ளிழுப்பதைக் காட்டிலும் வெளிவிடுவதைச் சற்று நீளமாக்கி, ஐந்து நிமிடம் மூச்சுவிட்டால் இதயத் துடிப்பு தணிவதை உணரலாம். இதற்குக் கட்டணமும் தேவையில்லை, குருவும் தேவையில்லை.

இரண்டாவது, உடலசைவு. வாரத்துக்கு 150 நிமிடங்கள் விரைந்து நடப்பது போன்ற மிதமான உடற்பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாள் முழுவதும் நின்றோ, ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தோ வேலை செய்பவருக்கு உடல் களைக்கிறதே தவிர, இதயத்துக்குத் தேவையான பயிற்சி கிடைப்பதில்லை.

மூன்றாவது, உறக்கம். இயன்றவரை ஒரே நேரத்தில் படுப்பதும், படுக்குமுன் கைப்பேசியை அகற்றுவதும், மாலைக்குப் பின் தேநீர், காப்பியைத் தவிர்ப்பதும் பயன் தரும். வீட்டு வேலையை ஆண் தோழர்கள் பங்கிட்டுக்கொள்வது இந்தப் பட்டியலில் சேர வேண்டும். அந்த வீட்டுப் பெண்ணுக்கு அதைவிடச் சிறந்த உறக்க மருந்து கிடையாது.

நான்காவது, பரிசோதனை. உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் அறிகுறியின்றி வளர்பவை. முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் அரசு சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிப் பரிசோதித்துக்கொள்ள முடியும். இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து இருந்தால் சிகிச்சை தேவை. மூச்சுப் பயிற்சியை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்தானது. மார்பில் இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை தோன்றினால் வாயு என்று ஒதுக்காமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

ஐந்தாவது, பேச்சு. இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்மை, காரணமற்ற அழுகை, வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணம் ஆகியவை நீடித்தால் அது சிகிச்சைக்குரிய நோய். 2022 அக்டோபர் முதல் இயங்கிவரும் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

சாராயமும் புகையிலையும் சில மணி நேரம் மறதியைத் தந்து, அழுத்தத்தை வட்டியோடு திருப்பித் தருபவை. மது உறக்கத்தைத் தருவது போலத் தோன்றினாலும், உறக்கத்தின் ஆழத்தைக் குலைக்கிறது. அதன் சுமை வீட்டுப் பெண்கள் மீது விழுகிறது. 1992இல் பக்கத்து நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டா கிராமத்துப் பெண்கள், தத்தம் கணவருக்கு அறிவுரை கூறுவதோடு நின்றுவிடவில்லை. எழுத்தறிவு இயக்கத்தில் ஒன்றுகூடிய அவர்கள், சாராயக் கடையையே மூடவைத்தனர். அந்தத் தீ மாநிலம் முழுவதும் பரவி, 1993 அக்டோபரில் சாராயத் தடையைக் கொண்டுவந்தது. தனித்தனி வீட்டின் துயரம் கூட்டுக் கோரிக்கையாக மாறிய அந்த வரலாறு, அடுத்த கேள்விக்கு இட்டுச் செல்கிறது.

கூட்டாக மட்டுமே செய்யக்கூடியவை

ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் பேருந்து ஓட்டுநர்களிடையே நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. அங்கே ஓட்டுநர்களுக்குத் தியான வகுப்பு நடத்தப்படவில்லை. பேருந்துக்குத் தனித்தடம் ஒதுக்கப்பட்டது, பயணிகள் ஓட்டுநரிடம் விவரம் கேட்க நேராதவாறு தகவல் பலகைகள் அமைக்கப்பட்டன, வழித்தடம் சீராக்கப்பட்டது. மாற்றம் செய்யப்பட்ட தடத்தின் ஓட்டுநர்களுக்கு இரத்த அழுத்தம் குறைந்தது. மனிதரை மாற்றாமல் வேலையை மாற்றியபோது உடல் நலம் பெற்றது.

இன்று பல நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை மன அழுத்த மேலாண்மை வகுப்பு நடத்துகின்றன. வகுப்பு முடிந்த மறுநாள் இலக்கு உயர்த்தப்படுகிறது. பயிற்சியைக் குறைகூறத் தேவையில்லை. ஆனால் கூரை ஒழுகும் வீட்டில் தரையைத் துடைத்துக்கொண்டே இருக்கச் சொல்வது தீர்வாகாது.

உலகத் தொழிலாளி வர்க்கம் கண்டறிந்த மிகச் சிறந்த அழுத்தத் தடுப்பு முறை, எட்டு மணி நேர வேலை நாளே. எட்டு மணி உழைப்பு, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி தன் விருப்பம் என்ற கோரிக்கை மருத்துவர்களின் அறைகளிலிருந்து வரவில்லை. 1886இல் சிகாகோவின் வீதிகளில் அது முழங்கியது. 1917 நவம்பரில் சோவியத் அரசு ஆட்சிக்கு வந்த சில நாட்களிலேயே அதைச் சட்டமாக்கியது. 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையே வேலை நேரத்தைப் பற்றியதுதான். 1923இல் சென்னையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். நூறாண்டுகளுக்குப் பின், 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் திருத்தத்தை நிறைவேற்றியபோது, தொழிற்சங்கங்களும் இடதுசாரிக் கட்சிகளும் ஒன்றுபட்டு எதிர்த்தன. பத்தே நாட்களில், மே தினத்தன்று, அது திரும்பப் பெறப்படும் என்று முதல்வர் அறிவித்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் முடிந்த செயல், எல்லைக்கு இந்தப் பக்கமும் முடியும். ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைப்படுத்தியுள்ள சூழலில், இப்போராட்டம் மேலும் அவசரமாகிறது.

கோரிக்கைகளை உடலின் மொழியிலும் எழுப்ப வேண்டும். நாளொன்றுக்கு எட்டு மணி, ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வின்றி வேலை வாங்காமை, மிகைநேரத்தை மறுக்கும் உரிமை, உட்கார இருக்கையும் தடையற்ற கழிப்பறை வசதியும், இரவுப் பணிக்குப் பின் போதிய இடைவெளி, மலைப்பாதை ஓட்டுநர்களுக்கு நடைகளுக்கு இடையே உண்மையான ஓய்வு, ஒப்பந்தத் தொழிலாளருக்கும் ஆண்டுதோறும் உடல் பரிசோதனை, மா விவசாயிக்குப் பருவம் தொடங்கும் முன்பே சட்டப்படி உறுதிசெய்யப்பட்ட விலை ஆகிய ஒவ்வொன்றும் ஊதியக் கோரிக்கைக்கு நிகரான உயிர்க் கோரிக்கை.

இயக்கத்துக்குள்ளே

இறுதியாக, கட்சி ஊழியர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிறர் துயரை நாள்தோறும் கேட்பவர்கள், வழக்குகளையும் வீட்டு வறுமையையும் ஒருங்கே தாங்குபவர்கள், இரவு நெடுநேரம் கூட்டங்களில் இருந்துவிட்டு விடியலில் ஆலை வாயிலுக்குச் செல்பவர்கள் அவர்கள். களைப்பை ஒப்புக்கொள்வது உறுதிக்குறைவு என்று கருதும் பழக்கம் இயக்கங்களில் நிலவுகிறது. அப்பழக்கம் நல்ல தோழர்கள் பலரைச் சத்தமின்றி நோயாளிகளாக்கியிருக்கிறது.

கிளைக் கூட்டத்தில் பணி அறிக்கையோடு உடல்நலமும் விசாரிக்கப்பட வேண்டும். கூட்டங்கள் குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிய வேண்டும். பெண் தோழர்கள் பங்கேற்க இதுவே முதல் நிபந்தனை. பொறுப்புகள் ஒருவர் தோளிலேயே குவியாமல் பகிரப்பட வேண்டும். தவணைக்கு அஞ்சி ஒளியும் விவசாயியிடமும், காரணமின்றி வேலைக்கு வராமல் போகும் தொழிலாளியிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "ஏன் கூட்டத்துக்கு வரவில்லை?" என்பதன்று. "உறக்கம் வருகிறதா, தோழர்?" என்பதே. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்குபவர், தம் துன்பம் தமக்கு மட்டும் உரியதன்று என்பதை விரைவில் கண்டுகொள்வார். சங்கத்தின் முதல் கூட்டம் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகிறது.